கோப்பு உள்ளவர்கள்

ஏழு நாற்காலிகளை மாடியிலிருந்து இறக்க ஒரு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. படிக்கட்டு குறுகல். கீழே மருந்துக்கடை வைத்திருந்தவர், தன் கண்ணாடி அலமாரியில் இடித்துவிடப் போகிறார்கள் என்று ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு தடவை வெளியே வந்து சத்தம் போட்டார். ப்யூன் கபாலி ஒவ்வொன்றாகத் தலையில் கவிழ்த்துக்கொண்டு இறங்கி வாசலில் நின்ற கைவண்டியில் அடுக்கினான். நல்ல நாற்காலிகளை ஏன் எடுத்துப் போகிறார்கள் என்று வண்டிக்காரன் கேட்டதற்கு, “ஒக்கார்றதுக்கு ஆளே இல்ல, நாற்காலி இன்னாத்துக்கு?” என்றான். மேலே ஜன்னலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த மரியதாஸுக்கு உள்ளூர ஒரு திருப்தி இருந்தது. அவர் நாற்காலி மாடியிலேயே இருந்தது.

அது 1974 ஜூலை முதல் தேதி. தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த அந்த விற்பனை வரி அலுவலகத்தில் அதற்கு முந்தின நாள் வரை பதினோரு பேர் வேலை பார்த்தார்கள். அரசாங்கத்துக்குத் திடீரென்று சிக்கனத்தின் மேல் ஆசை வந்தது. தற்காலிகப் பணியிடங்களை ஜூன் முப்பதுக்கு மேல் நீட்டிப்பதற்கில்லை என்று ஒரே பக்கத்தில் ஓர் ஆணை வந்தது. ஏழு பேர் போனார்கள். மீதி இருந்தவர்கள் அதிகாரி நல்லசிவம், உதவி அலுவலர் மரியதாஸ், ஒரு டைப்பிஸ்ட், கபாலி. தெருவில் இறங்கிக் கடைக்குள் போய்க் கணக்குப் பார்க்கக்கூடியவர் அந்த நால்வரில் மரியதாஸ் ஒருவர்தான். நல்லசிவத்துக்கு மூட்டுவலி, அவர் அலுவலகப் படியை ஏறுவதையே அரசாங்கத்துக்குச் செய்யும் உபகாரமாக நினைத்தார். அன்று காலை மற்ற மூவரையும் கூப்பிட்டு, குறைந்த ஆட்களைக் கொண்டு நிறைந்த பணி செய்வதே இனி நம் லட்சியம் என்று ஐந்து நிமிஷம் பேசினார். டைப்பிஸ்ட் கொட்டாவியைக் கைக்குட்டையால் மறைத்துக்கொண்டாள்.

போனவர்களில் மெஹபூப் அலியும் ஒருவர். ஒன்பது வருஷம் தற்காலிகமாகவே இருந்தவர். ஒவ்வொரு ஜூனிலும் ஒரு காகிதம் வந்து அவரை இன்னும் ஒரு வருஷத்துக்கு மனிதராக்கும். ஒரு கடைக்குள் நுழைந்து அலமாரியை ஒரு தரம் பார்த்தாரானால், எந்தச் சரக்கு பில் இல்லாமல் வந்தது, இரண்டாவது கணக்குப் புத்தகம் எந்த மெத்தைக்கு அடியில் இருக்கிறது என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்துவிடும். மரியதாஸுக்கு அவரைப் பிடிக்காது. நிரந்தர வேலைக்காரன் ஒருவன் தற்காலிகக்காரன் ஒருவனிடம் கற்றுக்கொள்ள என்ன இருக்கிறது? கடைசி நாளன்று அலி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: ஒன்பது வருஷம் வேலை பார்த்ததற்கு ஒரு சான்றிதழ். அதை எழுதித் தர வேண்டிய குமாஸ்தாவும் அந்த ஏழு பேரில் ஒருவர் என்று நல்லசிவம் வருத்தத்தோடு சொன்னார். அலி சிரித்துவிட்டு எல்லோருக்கும் கைகொடுத்துப் போனார்.

மரியதாஸ் சாந்தோம்காரர். நாற்பத்தாறு வயது. தேவாலயத்துக்குப் பின்னால் வாடகை வீட்டில் மனைவியோடு இருந்தார். கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டையும் தினம் பாலிஷ் போட்ட ஷூவுமாக மயிலாப்பூர் வந்து பஸ் பிடித்து வேலைக்குப் போவார். இருபத்தோரு வருஷ சர்வீஸில் எந்தக் கடையிலும் ஒரு வாய்க் காப்பி குடித்ததில்லை. அதை அவர் நேர்மை என்று எண்ணினார். கூட வேலை பார்த்தவர்கள் வயிற்றுக் கோளாறு என்று எண்ணினார்கள். வியாபாரிகள் அனைவரும் திருடர்கள், அரசியல்வாதிகள் அவர்களுடைய பங்காளிகள், பில் கேட்காமல் சாமான் வாங்கிப் போகிற பொதுஜனம் இவர்கள் எல்லோரையும்விடக் கேவலம் என்பது அவர் தினமும் பஸ்ஸில் வரும்போது உறுதிப்படுத்திக்கொள்ளும் கொள்கை. அந்தக் கொள்கையில் பெரிய பிழை ஒன்றும் இல்லை. தன்னை மட்டும் அவர் பட்டியலுக்கு வெளியே வைத்திருந்தார்.

பனகல் பூங்காவுக்கும் மாம்பலம் ஸ்டேஷனுக்கும் நடுவில் இருந்த தெருக்களில் இருநூற்று நாற்பது கடைகள் அந்த அலுவலகத்தின் கணக்கில் இருந்தன. ஜவுளி, நகை, பாத்திரம். பெரும்பாலோர் தெற்கத்திக்காரர்கள். ஒவ்வொரு மாதமும் இருபதாம் தேதிக்குள் போன மாத விற்பனையையும் வரியையும் எழுதி ரிட்டன் போட வேண்டும். இருபதாம் தேதி படிக்கட்டில் கணக்குப்பிள்ளைகள் வரிசை நிற்கும். அது அவர்களுடைய யோக்கியதையால் நின்ற வரிசை இல்லை. தெருமுனை டீக்கடையில் அலி ஒரு டீ சொன்னால் போதும், அவர் அதைக் குடித்து முடிப்பதற்குள் தெருவின் கடைசிக் கடை வரைக்கும் பில் புத்தகங்கள் மேஜைக்கு வந்துவிடும். வருஷத்தில் பிடிபடுகிறவர்கள் என்னவோ இருபது பேர்தான். மற்ற இருநூற்றிருபது பேரும் அந்த இருபதில் ஒருவனாகிவிடக் கூடாதே என்று வரி கட்டினார்கள்.

நாற்காலிகள் இறங்கிய செய்தி தெருவை எட்ட மூன்று வாரம் ஆயிற்று. ஜூலையில் இருநூற்றுப்பத்து ரிட்டன் வந்தது. ஆகஸ்டில் நூற்றறுபது. வராதவர்களுக்கு நோட்டீஸ் அனுப்ப வேண்டும். டைப்பிஸ்ட் ஒருத்தி ஒரு நாளைக்கு எத்தனை அடிப்பாள்? அடித்ததைக் கபாலி ஒருவன் எத்தனை கடைக்குக் கொண்டுபோவான்? செப்டம்பரில் நோட்டீஸ் வாங்கிய கடைக்காரர்கள், வாங்காத கடைக்காரர்களிடம் போய் உங்களுக்கு ஏன் வரவில்லை என்று விசாரித்தார்கள். விசாரித்ததில் அவர்களுக்கு விஷயம் முழுசாக விளங்கியது. அக்டோபர் இருபதாம் தேதி படிக்கட்டில் ஒருவரும் இல்லை. எழுபத்தொரு ரிட்டன். தீபாவளிக்கு இன்னும் மூன்று வாரம், கடைகளில் கால் வைக்க இடமில்லை, ஆனால் அந்த எழுபத்தொன்றின்படி பார்த்தால் மாம்பலத்தில் அந்த வருஷம் ஒருத்தரும் புதுத்துணி எடுக்கவில்லை.

மரியதாஸ் தானே போவதென்று முடிவு செய்தார். தெருவிலேயே பெரிய கடையாக இருக்க வேண்டும், பார்த்து மற்றவர்கள் நடுங்க வேண்டும். அப்படித்தான் வெள்ளைச்சாமியின் ஜவுளிக்கடைக்குப் போனார். மூன்று மாடி. வாசலில் சேலை கட்டிய பொம்மைகள். நான்கு மாதமாக ரிட்டன் இல்லை. சரிகை வேட்டியும் வெற்றிலை வாயுமாகக் கல்லாவில் இருந்த வெள்ளைச்சாமி எழுந்து நிற்கக்கூட இல்லை. ஆனால் மரியாதையாகவே மேலே போகச் சொன்னார். மேலே கணக்கு அறையில், புதுச் சட்டையும் தங்க நிறப் பேனாவுமாக மெஹபூப் அலி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மரியதாஸ் சார். நாஷ்டா ஆச்சா?” என்றார் அலி.

அவரோடு போன மற்ற ஆறு பேரில் நான்கு பேர் இதே தெருவில்தான் இருக்கிறார்கள் என்று அலி எந்தக் கூச்சமும் இல்லாமல் சொன்னார். அரசாங்கம் ஒன்பது வருஷம் சம்பளம் கொடுத்துக் கற்றுக்கொடுத்த வித்தையை வெள்ளைச்சாமி இரண்டு மடங்கு சம்பளம் கொடுத்து வாங்கியிருந்தார். எங்கே தேடுவார்கள் என்று தெரிந்தவனுக்கு எங்கே வைக்கக்கூடாது என்றும் தெரியும். மரியதாஸ் அவரைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு, ஜூலை முதல் கணக்குகளை எடுத்து வைக்கச் சொன்னார். அதற்குள் வெள்ளைச்சாமி மூச்சு வாங்க மேலே வந்து சேர்ந்தார். சுவரோரம் இருந்த ஆறு இரும்பு அலமாரிகளையும் தானே ஒவ்வொன்றாகத் திறந்துவிட்டார். உள்ளே கூரை வரைக்கும் புத்தகங்கள்.

“அள்ளிட்டுப் போங்க சார். வண்டி வேணும்னா நானே பிடிச்சுத் தாரேன்,” என்றார். “கொண்டு போயி யாரு படிப்பா? நீங்க ஒத்தை ஆளு. மாசத்துக்கு நாலு கடை பாத்தாலும் எம்முறை திரும்ப வாரதுக்கு அஞ்சு வருசம் ஆவும். அதுக்குள்ள உங்களுக்கு பென்சன் வந்துராதா?”

அவர் குரலில் கேலிகூட இல்லை. ரயில் நேரம் சொல்கிறவனைப் போலச் சொன்னார். மரியதாஸுக்கு வாயில் வந்த சட்டப் பிரிவுகள் எல்லாம் சரியானவைதான். ஆனால் ஒவ்வொரு பிரிவையும் செய்ய ஒரு ஆள் வேண்டும், அந்த ஆள் எதிரே உட்கார்ந்து பேனாவைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. வெள்ளி டம்ளர். கை எப்போது அதை எடுத்தது என்று அவருக்கே தெரியாது. பாதி குடித்த பிறகுதான் குடித்துக்கொண்டிருக்கிறோம் என்பது தெரிந்தது. மீதியையும் குடித்தார். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டு வரை நடந்து, வழியில் தென்பட்ட ஒவ்வொரு முகத்தையும் மனசுக்குள் திட்டித் தீர்த்தார்.

டிசம்பரில் மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. வசூல் பாதிக்கும் கீழே போயிருக்கிறது; அலுவலர்களின் ஊக்கக்குறைவே காரணமென்று கருதப்படுகிறது; மார்ச்சுக்குள் இலக்கை எட்டாவிட்டால் விளக்கம் கேட்கப்படும். நல்லசிவம் அதை மூன்று தடவை படித்தார். பிறகு மரியதாஸைக் கூப்பிட்டு, மிகவும் எளிமையான ஒரு யோசனையைச் சொன்னார். ரிட்டன் போடாதவனைப் பிடிக்க வேண்டுமானால் அவன் கடைக்குப் போய், சரக்கை எண்ணி, கணக்கைத் தோண்டி, கேஸ் நடத்த வேண்டும். அதற்கு ஆள் இல்லை. போட்டவனுடைய கணக்கு இங்கேயே அலமாரியில் இருக்கிறது. உட்கார்ந்த இடத்தில் படித்தால் ஏதாவது ஒரு தப்பு கிடைக்காமலா போகும்? கோப்பு உள்ளவர்களைப் பார்ப்போம் என்றார். மரியதாஸுக்கு அந்த யோசனையின் கேவலம் உடனே புரிந்தது. நல்லசிவத்தைப் பற்றித் தான் இதுவரை நினைத்தது கொஞ்சம் என்று நினைத்துக்கொண்டார். பிறகு இடத்துக்கு வந்து அலமாரியைத் திறந்து, இருப்பதிலேயே சுத்தமான கோப்பை எடுத்தார்.

அது தங்கபுஷ்பத்தின் கோப்பு. ஸ்டேஷன் பக்கம், தெருவின் குறுகலான முனையில் பத்தடி அகலத்தில் ஒரு எவர்சில்வர் பாத்திரக்கடை. கணவர் கனகராஜ் பாத்திரங்களை ஏற்றி இறக்கி வியாபாரம் பேசுவார், எஸ்.எஸ்.எல்.சி. படித்த தங்கபுஷ்பம் கணக்கு எழுதுவாள். சாயர்புரம் பக்கத்து ஊர்க்காரர்கள். ஒரு கரண்டி விற்றாலும் பில். எதிர்க்கடையில் பில் இல்லாமல் ரூபாய்க்கு ஏழெட்டுக் காசு குறைத்து விற்க ஆரம்பித்த பிறகு, இவள் கடையில் குடத்தைத் தூக்கிப் பார்த்துத் தட்டிப் பார்த்த ஜனங்கள் அதே குடத்தை எதிரே போய் வாங்கினார்கள். கனகராஜ் நாலைந்து மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார், நாமும் பில் புத்தகத்தை உள்ளே வைப்போம் என்று. அவள் கேட்கவில்லை. பயத்தினால் இல்லை. எழுதுகிறது தன் கை. அந்தக் கையால் பொய் எழுத அவளுக்குப் பிடிக்கவில்லை, அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும் பதினெட்டாம் தேதியே அவளுடைய ரிட்டன் வந்துவிடும். மணிமணியான கையெழுத்து. படிக்கச் சுலபமாக இருந்தது.

மரியதாஸ் அதில் ஒரு தப்பைக் கண்டுபிடித்தார். பழைய பித்தளைப் பாத்திரத்தைக் கொடுத்துப் புது எவர்சில்வர் வாங்குகிறவர்களிடம், பழையதின் மதிப்பைக் கழித்துவிட்டு மீதித் தொகைக்கு மட்டும் அவள் வரி வசூலித்திருந்தாள். சட்டப்படி புதுப் பாத்திரத்தின் முழு விலைக்கும் வரி உண்டு. மூன்று வருஷத்துக் கணக்கையும் கூட்டிப் பார்த்தார். வரியும் அபராதமுமாக நாலாயிரத்து முந்நூறு ரூபாய் வந்தது. அந்தக் கடையின் ஒரு வருஷ லாபம் அதற்குக் கொஞ்சம் குறைவாக இருந்தது. அதுவும் அவள் கையெழுத்திலேயே கோப்பில் இருந்தது.

விசாரணைக்கு அவளே வந்தாள். காட்டன் புடவை, கையில் துணிப்பை. கனகராஜ் வாசலோடு நின்றுவிட்டார். அவள் அபராத ஆணையின் நகலை நிதானமாகப் படித்துவிட்டு, பழைய பாத்திரத்துக்கு இப்படி எழுதச் சொன்னதே இந்த அலுவலகத்திலிருந்து வந்த அலி சார்தான் என்றாள். அவர் இப்போது இந்த அலுவலகத்தில் இல்லை என்றார் மரியதாஸ். அப்படியானால் அவர் சொன்னது எழுத்தில் இருக்கிறதா என்றும் கேட்டார். இல்லை. நல்லசிவம் தன் அறைக் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார்.

“எதுத்த கடையப் பாத்தீயளா சார்?” என்றாள் தங்கபுஷ்பம்.

“அவங்க ரிட்டனே போடலம்மா. ஃபைல்ல ஒண்ணும் இல்ல. எதை வெச்சுப் பாக்கறது?”

அவள் அவரைப் பார்த்தாள். கோபம் இருந்திருந்தால் அவருக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். கோபப்படுகிறவர்களை அவர் இருபத்தோரு வருஷமாகச் சமாளித்திருக்கிறார். இவள் பார்த்தது, கடையில் யாரோ திருப்பிக் கொண்டுவந்த ஓட்டைப் பாத்திரத்தை எங்கே ஒழுகுகிறது என்று பார்ப்பதுபோல இருந்தது.

“அப்போ எழுதிக் குடுத்ததுதான் நான் செஞ்ச தப்பு,” என்றாள்.

அப்பீலுக்குப் போகலாம், ஆனால் முதலில் பணத்தைக் கட்டிவிட்டுத்தான் போக வேண்டும் என்று அவர் சொன்னார். அவள் தலையசைத்தாள். பத்து நாள் கழித்து வந்து முழுத் தொகையையும் கட்டினாள். கையில் இருந்த இரண்டு ஜோடி வளையலும் அப்போது இல்லை. ரசீது போடும் குமாஸ்தாவும் போய்விட்டதால் மரியதாஸே ரசீது எழுதினார். அதை அவள் மேஜை மேலேயே வைத்துச் சரிபார்த்தாள். பெயரில் ஒரு எழுத்து பிழையாக இருந்ததைச் சுட்டிக்காட்டி, திருத்தி எழுதி வாங்கிக்கொண்டு போனாள். கனகராஜ் படியிறங்கும்போது மனைவியிடம் என்னவோ சொன்னார். அவள் பதில் சொல்லாமல் முன்னால் இறங்கினாள்.

அந்த வருஷம் மார்ச்சில் அலுவலகம் இலக்கில் எழுபது சதவீதம் எட்டியது. நால்வராக இருந்தும் இவ்வளவு செய்தார்கள் என்று மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது; இவ்வளவுக்கு நால்வரே போதும் என்பது அதிலேயே நிரூபணமாகிவிட்டதாக, அந்தக் கடிதத்தை எழுதியவர் கடைசிப் பத்தியில் கண்டுபிடித்திருந்தார். நல்லசிவம் அதைச் சட்டம் போட்டு மாட்ட நினைத்தார். எழுபதை எட்ட வைத்தது, தங்கபுஷ்பத்தைப் போல இன்னும் முப்பத்திரண்டு பேரின் கோப்புகளிலிருந்து வந்த பணம்.

ஏப்ரல் பதினெட்டாம் தேதி மரியதாஸ் தபாலைத் தானே வாங்கிப் பிரித்தார். அடுத்த நாளும் பிரித்தார். இருபதாம் தேதி மாலை ஐந்து மணிக்கு ஒன்பது ரிட்டன்கள் இருந்தன. அந்த மணிமணியான கையெழுத்து அவற்றில் இல்லை. கபாலியைக் கூப்பிட்டு, தபால்காரன் எதையாவது கீழே மருந்துக்கடையில் கொடுத்துவிட்டுப் போனானா என்று கேட்கச் சொன்னார். இல்லை என்று பதில் வந்தது. மே மாதமும் அப்படியே. அவளுக்கு மட்டும் நோட்டீஸ் அடிக்கச் சொல்லலாமா என்று யோசித்தார். டைப்பிஸ்ட் மேஜையில் ஏற்கெனவே இருநூறு நோட்டீஸ் பாக்கி. இத்தனை பேரை விட்டுவிட்டு அவள் ஒருத்தியின் ரிட்டனை மட்டும் எதற்காக எதிர்பார்க்கிறோம் என்று கேட்டுக்கொண்டார். வந்த பதில் அவருக்கு உவப்பாக இல்லை. வீட்டில் மனைவி ஃப்ளோரன்ஸ் சாப்பாடு போடும்போது ஏன் இப்படி வெறித்துக்கொண்டே இருக்கிறீர்கள் என்றாள். ஆபீஸ் விஷயம் உனக்குப் புரியாது என்றார். அவருக்கு அது இரண்டு மாதமாக நன்றாகவே புரிந்துகொண்டிருந்தது.

ஜூன் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் கிளம்பிப் போனார். அன்று முகூர்த்த நாளுக்கு முந்தின நாள். ஸ்டேஷனிலிருந்து வந்த கூட்டமும் ஸ்டேஷனுக்குப் போன கூட்டமும் தெருமுனையில் முட்டிக்கொண்டு நின்றன. தங்கபுஷ்பத்தின் கடையில் நிற்க இடமில்லை. புதிதாக இரண்டு பெண்கள் வேலைக்கு இருந்தார்கள். கனகராஜ் ஸ்டூலில் ஏறி நின்று மேல் அலமாரியிலிருந்து குடங்களை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் முகம் சதை போட்டிருந்தது. பில் புத்தகம் கிடந்த மேஜை இருந்த இடத்தில் அண்டாக்கள் ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கியிருந்தன. தங்கபுஷ்பம் கல்லாவில் நின்று, ஒரு காகிதமும் பென்சிலும் இல்லாமல், விலையை மனசுக்குள் கூட்டிச் சொல்லி, பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் கை சும்மா இருந்த நேரமே இல்லை.

அவர் வாசலில் நிற்பதைக் கனகராஜ்தான் முதலில் பார்த்தார். ஸ்டூலின்மேல் அப்படியே நின்றுவிட்டார். தங்கபுஷ்பம் திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டு, அடுத்தாற்போல் நின்றவரிடம் பாக்கிச் சில்லறையைக் கொடுத்து முடித்தாள்.

“வாங்க சார். என்ன வேணும்?” என்றாள்.

எல்லோரிடமும் கேட்கிற குரல். அவர், மூன்று மாதமாக ரிட்டன் வரவில்லை என்றார். சத்தத்தில் அவருக்கே அது கேட்கவில்லை. இன்னொரு தரம் சொன்னார்.

“எனக்கு இப்போ ஃபைல் இல்ல சார்,” என்றாள் தங்கபுஷ்பம். “எதுத்த கடைக்கும் இல்ல. எதை வெச்சுப் பாப்பீய?”

கேட்டுவிட்டுக் காத்திருக்கவில்லை. பக்கத்திலிருந்த கிழவர் தாம்பாளத்துக்கு விலை கேட்டார், சொன்னாள். மரியதாஸ் என்னவோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் பின்னாலிருந்து ஒரு கல்யாண வீட்டு அம்மாள், இடுப்பில் பெரிய அண்டாவோடு, முண்டிக்கொண்டு வந்தாள். வெள்ளைச் சட்டையும் ஷூவுமாக வாசலில் வெட்டியாக நின்ற ஆளைக் கடைச் சிப்பந்தி என்று நினைத்தாளோ, யாரோ நல்ல மனுஷர் என்று நினைத்தாளோ, “இத்தக் கொஞ்சம் புடிப்பா, பர்ஸ எடுத்துக்கறேன்,” என்று அண்டாவை அவர் கையில் திணித்துவிட்டு, கல்லாவை நோக்கிக் கூட்டத்துக்குள் புகுந்துவிட்டாள். அவர் இரண்டு கையாலும் அதை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றார். நல்ல கனம். உள்ளே இன்னும் இரண்டு குடமும் ஒரு டஜன் டம்ளரும் இருந்தன. கல்லாவில் அந்த அம்மாள் விலை குறைக்கச் சொல்லிப் பேரம் பேசிக்கொண்டிருந்தாள். தங்கபுஷ்பம் முடியாது என்று தலையாட்டிக்கொண்டிருந்தாள். கனகராஜ் ஸ்டூலிலிருந்து குனிந்து அடுத்த குடத்தை நீட்டினார். கீழே வைக்கலாமென்றால் தரையெல்லாம் கால்கள். உள்ளே போகவும் வழியில்லை, பின்னால் நகரவும் வழியில்லை. ஸ்டேஷனில் வண்டி வந்து நின்றிருக்க வேண்டும். தெருவிலிருந்து இன்னொரு கூட்டம் வந்து முதுகில் இடித்தது. அண்டாவுக்குள் டம்ளர்கள் உருண்டு சத்தம் போட்டன. எதுவும் கீழே விழுந்துவிடாமல் அவர் அதை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.